நான் எழுதாமல் விட்ட மில்லி

1. ஐந்தாம் நாள்

கிளிநொச்சியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து அன்று ஐந்தாம் நாள். கைக்கடக்கமான ஒரு மீற்றரோடு மோட்டார் சைக்கிளில் கிணறு கிணறாகத் திரிவதுதான் வேலை. உப்புக் கூடக்கூடத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மீற்றர் அளப்பது அதைத்தான், மைக்ரோசீமென்ஸில். படிவத்தின் தலையில் அந்த அலகு அச்சிலேயே இருந்ததால் நாங்கள் வெறும் எண்ணை மட்டும் எழுதுவோம்.

அன்று 640, 910, 1280 என்று ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கம் போகப் போக எண்கள் ஏறின. கடைசியாக யோகன் அண்ணையின் புதுக் கிணறு. 3.41.

"அண்ணை, இது மழைத்தண்ணி மாதிரி. இண்டைக்கு இதுதான் முதலாம் பிள்ளை."

அவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "எனக்கெண்டாக் கரிக்குது, தம்பி."

"நாக்கு ஆளுக்கு ஆள் மாறும். மீற்றர் மாறாது."

"படிச்சனீர் சொல்லுறீர். அப்ப நாளைக்கு விடிய மிளகாய் நடுறன். நாத்துமேடையிலை ரெண்டாயிரம் கண்டு நிண்டு முத்துது. அது பிழைச்சா இந்தப் போகமே இல்லை எனக்கு."

2. தரையோடு கிடந்த புள்ளி

மறுநாள் காலை எண்களைக் கணினியில் ஏற்றி வரைபு போட்டேன். மற்றப் புள்ளிகள் மேலேறிப் போக, யோகன் அண்ணையின் கிணறு மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அது என்னைக் குடைந்தது. மீற்றரைக் கழுவ வைத்திருந்த காய்ச்சி வடித்த நீரை அளந்து பார்த்தேன். 5. கடலோரக் கிணறு அதைவிடச் சுத்தமா? சிரிப்பு வந்தது.

முந்தின நாள் அந்தக் கிணற்றில் பிடித்து வந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மறுபடி அளந்தேன். அதே 3.41. இம்முறை எண்ணுக்குப் பக்கத்தையும் பார்த்தேன். மைக்ரோ இல்லை, மில்லி. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் மீற்றர் தானாகவே அலகை மாற்றிவிடுகிறது. மைக்ரோ பத்து இலட்சத்தில் ஒன்று, மில்லி ஆயிரத்தில் ஒன்று. ஆக மைக்ரோவில் 3410.

எங்கள் பொறுப்பதிகாரி மிஸ்ஸிடம் ஓடினேன். "கிராமோ கிலோவோ எண்டு கேக்காமலோ நீர் கடையிலை சீனி வாங்கிறனீர்?" என்றார். "முதல்ல போனை எடும்."

3. மூன்று வரிசை

"அண்ணை, நடாதேங்கோ. பிழை என்ரை. அந்தத் தண்ணி உப்பு."

"மூண்டு வரிசை நட்டுத் தண்ணியும் விட்டாச்சு. எவ்வளவாலை பிழை?"

"ஆயிரம் மடங்கு."

"பிழை விட்டாலும் பெரிசாத்தான் விடுறீர். நேற்று நீர் அளந்த என்ரை மச்சான்ரை காணிக் கிணறு எவ்வளவு?"

"1280."

"எந்தக் கணக்கிலை?"

"மைக்ரோ, அண்ணை. அதைத் திருப்பியும் பாத்திட்டன். மிளகாய் தாங்கும்."

மிச்சக் கன்றுகள் அன்றே மச்சானின் காணிக்குப் போயின. அந்த மூன்று வரிசையை மட்டும், "என்ன செய்யுதெண்டு பாப்பம்" என்று அவர் பிடுங்காமல் விட்டார். பார்க்க நானும் போய்வந்தேன். முதலில் இலை நுனி கருகியது, பிறகு ஓரம். மூன்றாம் கிழமை அங்கே ஈர்க்குப் போல வெறும் தண்டுதான். மச்சானின் காணியில் கன்றுகள் தளிர்த்து நின்றன.

இப்போது எங்கள் படிவத்தில் அலகு அச்சில் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுத ஒரு வெறும் கட்டம். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணை எழுதுமுன் அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.