கல்லுக் கடற்கரைக்குப் பட்டுச் சேலையில் வந்த மைதிலி அக்கா

ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்த அனுஜனுக்கு எவருடைய குரலும் வரும். ரெயினில் டிக்கெட் பார்ப்பவர், கோயில் ஐயர், கண்ணாடியைத் தொலைத்துவிட்டுக் கடைக்காரனைத் திட்டும் கிழவி, எல்லாரும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். சொந்தக் குரலில் ஒரு விஷயம் சொல்லத்தான் இருபத்தாறு வயது ஆயிற்று. 2006 கோடையில், அக்காவின் குசினியில் வைத்துச் சொன்னான். மத்தியாஸ் வெறும் கூட்டாளி இல்லை, தான் சேர்ந்து வாழ விரும்புகிற ஆள் என்று.

மைதிலி அக்கா வெங்காயத்தை வெட்டி முடித்தாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தாய் தகப்பன் டுசல்டோர்ஃபில். இந்த ஊரில் அவனுக்குத் திறந்திருந்த ஒரே வீடு அவளுடையது. அதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு ஒரு கிழமை திரிந்தான்.

பிறகு அவளே தொலைபேசி எடுத்தாள். "நீயும் அந்தப் பெடியனும் போற கடற்கரைக்கு நானும் வாறன்."

"அக்கா, அது ஆம்பிளையும் ஆம்பிளையும் கைகோத்துக்கொண்டு நடக்கிற இடம்."

"நடக்கட்டும். நான் என்ன கொண்டு வரவேணும், அதைச் சொல்லு."

"மணல் இல்லை, முழுக்கக் கல்லு. தண்ணிக்குள்ளை பாசி வழுக்கும், றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ. தடிச்ச பாய் வேணும், துவாய் காணாது. நிழலும் இல்லை, கடையும் இல்லை, தண்ணிப் போத்தில் கட்டாயம். மண்மேட்டுக்குக் கீழை இருக்கக் கூடாது, சரியும். ஒருத்தரையும் படம் எடுக்காதைங்கோ, வீட்டிலை இன்னும் சொல்லாத ஆக்களும் வருவினம். பெரிய பாறைக்கு அங்காலை உடுப்பில்லாமல் படுத்திருப்பினம்."

"நான் ஏன்டா அங்காலை போறன்?"

ஞாயிற்றுக்கிழமை ரெயின் மேடையில் அக்கா நின்ற கோலத்தைக் கண்டு அனுஜன் திகைத்துப்போனான். மயில்கழுத்துப் பட்டுச் சேலை. தலையில் பூ. குதியுயர்ந்த செருப்பு. கையில் ஒரு பெரிய தகரப் பெட்டி.

"நான் சொன்னது ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டது. ஏறு."

அனுஜனுக்கு அன்றைக்கு எவருடைய குரலும் வரவில்லை.

மரப்படி இறங்கிக் கல்லில் கால் வைத்ததுமே அவளுடைய குதி இடுக்கில் மாட்டியது. இடம் பிடிக்க முன்னமே வந்திருந்த மத்தியாஸ் ஓடிவந்து, தன் றப்பர் சப்பாத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். தோணி மாதிரி இருந்த அதற்குள் காலை விட்டுக்கொண்டு, பட்டைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா தாரா நடை நடந்தாள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த இரண்டு மீசைக்காரர் "மொயின்" என்று வணக்கம் சொன்னார்கள். அவளும் "மொயின்" என்றாள்.

பாயில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே இனிப்புப் பலகாரம்: பயத்தம் பணியாரம், அரியதரம்.

"இதென்னக்கா?"

"சம்பந்தம் பேச வரேக்கை வெறுங்கையோடை வாறதோ?"

அனுஜன் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"இருந்தது போதும், என்ரை ஜெர்மன் காணாது, நீ அவரிட்டைக் கேள். வேலை நிரந்தரமோ?"

கப்பல் பட்டறையில் இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை, நிரந்தரம் என்றான் மத்தியாஸ்.

"குடிக்கிறவரோ?"

"சனிக்கிழமையில பியராம், அக்கா."

"சனிக்கிழமை மட்டுமோ எண்டு கேள்."

மத்தியாஸ் கடலைப் பார்த்தான். வெள்ளியும் என்றான்.

"பொய் சொல்லத் தெரியேல்லை. நல்லது. தாய் என்ன சொல்லுறா?"

தாய் இரண்டு வருஷம் முகம் கொடுக்கவில்லையாம். இப்போது மாதம் ஒருமுறை கேக் சுட்டுக்கொண்டு வருவாளாம். அக்கா அரியதரம் ஒன்றைப் பிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமோ. அப்ப எங்கடை அப்பாவுக்கு நாலு வேணும். அம்மாவோடை முதல் நான் கதைக்கிறன், நீ வாய் திறக்காதை. அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமையில ரெண்டு பேரும் எங்கடை வீட்டை சாப்பாட்டுக்கு வரவேணும் எண்டு சொல்லு."

அதை ஜெர்மன் மொழியில் சொல்லி முடிக்க அனுஜன் இரண்டு தரம் தொடங்க வேண்டியிருந்தது.