'சட்டம்' என்றால் எந்தச் சட்டம்?

ஜெயமங்கலத்து வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்குத் தலைவர் ராசு அண்ணன். அன்று தேனியில் என் ஆபீசுக்கு வந்தவர் உட்காரவே இல்லை. அவர்களிடம் காய் வாங்கும் நிறுவனம், குடோனில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது உணவுச் சட்டம் தடை செய்த சமாச்சாரம். பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரிலோ இவர்கள் ஊர்ப் பெயர்.

“நம்ம பேரப் போட்டு விசத்த விக்கிறாக ஆத்தா. நாளப்பின்ன எவன் நம்ம காய வாங்குவான்?”

வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். தார்களோ வெட்டுக்குத் தயார். 'வாங்குபவர் சட்டத்தை மீறினால் உடனே முடித்துக்கொள்ளலாம்' என்று ஒரு ஷரத்து இருந்தது. அவர்கள் கம்பெனியின் சட்டக் காரியங்களைக் கவனிக்கும் கம்பெனி செக்ரட்டரியான எனக்கு இது போதாதா? அண்ணனைக் கூட்டிக்கொண்டு நேரே அந்த நிறுவனத்துக்குப் போனேன்.

அங்கே மேனேஜர் கம்பம் ஊர்க்காரர். கார்பைடை அவர் மறுக்கவே இல்லை. சிரித்தபடி முதல் பக்கத்து 'வரையறைகள்' பகுதியைக் காட்டினார். 'சட்டம் என்பது கம்பெனிகள் சட்டம், 2013-ஐக் குறிக்கும்.'

“கம்பெனிச் சட்டத்துல கார்பைடு எங்கன மேடம் இருக்கு?”

ஒப்பந்தத்தின் ஆங்கில மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'ஆக்ட்' வேறு, 'லா' வேறு; முன்னது ஏதோ ஒரு தனிச் சட்டம், பின்னது நாட்டில் உள்ள எல்லாச் சட்டமும். மூலத்தில் வரையறை 'ஆக்ட்'டுக்குத்தான். மீறல் ஷரத்தில் இருந்தது 'லா'. அந்த நிறுவனம் வைத்த மொழிபெயர்ப்பாளர் மகராசன் இரண்டையும் 'சட்டம்' என்றே எழுதிவிட்டார். தமிழ்ப் பிரதிதான் செல்லும் என்று கையெழுத்தும் ஆகியிருந்தது.

அண்ணன் முகம் வாடிப்போனது. எனக்குக் கோபம் வந்தால் மூளை கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். மீதிப் பக்கங்களைப் படித்தேன். காய் தராவிட்டால் விவசாயிகள்மேல் 'சட்டப்படி நடவடிக்கை' எடுக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது.

“சரிங்க சார், உங்க கணக்குப்படியே வச்சுக்கிருவோம். நாளைக்கு இவுக காய் தரல. கம்பெனிச் சட்டத்துல எந்தப் பிரிவுல கேஸ் போடுவீக?”

அவர் படித்தார். திரும்பவும் படித்தார். நான் விடவில்லை. வரையறைகளின் தொடக்கத்தில் இருந்த 'இடம் வேறு பொருளைக் காட்டினாலொழிய' என்ற வரியையும் காட்டினேன்; சொல் வரும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பழத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் சட்டம் என்றால் உணவுச் சட்டமும் சேர்ந்ததுதான் என்றேன். முதலாளியிடம் போனில் பேசியவர், இரு தரப்புச் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். சூட்டோடு சூடாக எழுதி வாங்கிவிட்டேன். மறுநாள் தார்கள் வேறு வியாபாரிக்குப் போயின. அண்ணன் போனில் சிரித்த சிரிப்பில் எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, ஒப்பந்தத்தில் சட்டத்தின் முழுப் பெயரையும் எழுதுங்கள். 'அவ்வப்போது செய்யப்படும் திருத்தங்களும் அதற்குப் பதிலாக வரும் சட்டமும் உட்பட' என்று சேருங்கள். 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டம் போய் 2013 சட்டம் வந்த மாதிரி நாளை இன்னொன்று வரும். ஆனால் 'சட்டம்' என்ற வெறும் சொல்லை மட்டும் எந்த ஒரு தனிச் சட்டத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.