பிள்ளையாருக்குப் போன குடம்

அந்த வருடம் மாசி முடிந்த பிறகும் பனியும் காய்ந்த காற்றும் விடவில்லை. திம்புள்ளைப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கருகியது. கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேர் போடுவார்கள். பேருக்குத் தக்கபடிதான் அரிசி. அம்மாவும் நானும் பாதிக் கூடையோடு மலையிலிருந்து இறங்கும்போது எனக்கு யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருக்கும்.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் அம்மா போட்ட போஞ்சிக்காய்ப் பாத்தி மட்டும் பூத்திருந்தது. அதை நம்பித்தான் எங்கள் வயிறு இருந்தது. மலை ஊற்று வந்து விழும் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கியதால், வீட்டுக்குக் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று பிரித்தார்கள். மாலைக் குடத்தைப் போஞ்சிக்கு ஊற்றினோம்.

அப்போதுதான் மழை வேண்டிப் பிள்ளையாரைத் தண்ணீரில் வைப்பது என்று முடிவானது. கோயில் காரியம் பார்த்தவர் அப்பா. கருவறை வாசல்படியைக் களிமண்ணால் அடைத்து, சாமியின் கழுத்துவரை நிரப்பினார்கள். மழை வரும்வரை அந்த மட்டம் குறையக் கூடாது. களிமண்ணோ வெடித்து ஒழுகியது. விடிவதற்குள் தொப்பைக்கு இறங்கிவிடும். மாலைக் குடம் எல்லாம் இனிக் கோயிலுக்கு என்றார் அப்பா.

"ஒழுகுற எடத்துல எம்புட்டு ஊத்துவீங்க? பூ காஞ்சா பிஞ்சு ஏது?" என்றாள் அம்மா.

"எல்லாரும் ஊத்துறாங்க. நம்ம குடம் வரலைன்னா, மழை பெய்யாததுக்கு நம்மளத்தான் சொல்லுவாங்க."

அன்று மாலையும் அம்மா குடத்தைப் போஞ்சிக்கே ஊற்றினாள். மறுநாளே சொன்னார்கள். பீலியடியில் மேல் லயத்துப் பெண் ஒருத்தி அம்மாவைச் சாடை பேச, அம்மா அவள் குடத்தை எட்டி உதைத்தாள். கொட்டிய தண்ணீரை மண் குடித்து முடித்த பிறகும் இருவரும் ஒருவர் கொண்டையை ஒருவர் விடவில்லை. அப்பா வந்தார். எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அதன்பின் தினமும் அவரே தூக்கினார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாத்திக்கும் வாசலுக்குமாக நடப்பேன். பூ உதிர்ந்தது, பிறகு கொடி சுருண்டது. அப்பா மீது எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

கடைசியில் மழை வந்தது. லயமே வெளியே ஓடி நனைந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். அம்மா காய்ந்த கொடிகளை ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தாள். அவற்றை அடுப்பில் திணித்து ரொட்டி சுட்டாள்.

நனைந்த தலையோடு உட்கார்ந்த அப்பா, "தொட்டுக்கக் கறி என்ன?" என்றார்.

"அடுப்புல எரியுது, பாருங்க."

அவர் அடுப்பைப் பார்த்தார். பிறகு ரொட்டியை உப்பில் தொட்டு, தலை நிமிராமல் தின்றார்.