நீலக் கோட்டின் பின்னால் வந்த கிணறு

கோடு ஓடக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. காற்றின் கோடு, வெயிலின் கோடு, கடல்மட்டத்தின் கோடு. நேற்றிலிருந்து இன்றைக்கு, இடமிருந்து வலமாக, திரையில் ஊர்ந்து வருகிற எந்தக் கோட்டையும் விட்டு எழும்ப மனம் வராது. கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து இணையப் பக்கங்கள் செய்கிறேன். மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

இரண்டும் ஒரே வேலைதான். குருநகரில் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் கைபேசியில் பார்ப்பதற்கென்று காற்றுப் பக்கம் ஒன்று கேட்டார்கள். பிறகு கீரிமலைக் கடல்மட்டத்துக்கு ஒரு பக்கம். அதற்குப் பிறகு வேறு வேறு கரைகள். ஒவ்வோர் இடத்துக்கும் உட்கார்ந்து புதிதாக எழுதுவதில்லை. ஒரே வார்ப்பு, அதில் வெற்றிடங்கள். இங்கே ஊரின் பெயர், இங்கே கடைசி அளவு, இங்கே கோடு. கரையில் இருக்கிற கருவி அளவை அனுப்பும், நிரல் அதை எடுத்து வெற்றிடங்களில் நிரப்பும், பக்கம் தன்பாட்டில் பிறந்துவிடும். அச்சுப் பலகாரம் சுடுவது போல. அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விட, பூ கழன்று மிதக்கும். உடனே அடுத்த பூ. அந்தக் கழன்று மிதக்கிற கணம் இருக்கிறதே, எத்தனை தரம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

அப்படி ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா கைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, உவ களவாய்த் தண்ணி இறைக்கிறா."

"ஆர் அக்கா?"

"ஆரோ? மதிலுக்கு அங்காலை ஆர் இருக்கிறது, கடவுளோ?"

மதிலுக்கு அங்காலை இருப்பது மச்சாள், அக்காவின் புருஷனான அத்தானின் தங்கை. கீரிமலைப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் அவர்களுடைய காணி. தகப்பன் அதைப் பிள்ளைகள் இருவருக்கும் பிரித்தபோது எல்லை கிணற்றின் நடுவால் போயிற்று. பின்னர் மதில் கட்டினார்கள். அதுவும் கிணற்று வாயின் குறுக்கே பாலம் போலக் கடந்து போயிற்று. மேலே இரண்டு வளவு, கீழே ஒரே தண்ணீர். இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறுகளில் இது புதினமில்லை. மிசின் பூட்டித் தோட்டத்துக்கு இறைக்க முறைநாள் உண்டு. ஒருநாள் அக்கா, மறுநாள் மச்சாள், ஞாயிற்றுக்கிழமை எவருமில்லை. அத்தான் தவறிய பிறகும் இரண்டு பெண்களும் அந்த முறை பிசகாமல் வாழ்ந்தார்கள். மதிலுக்கு மேலால் கறி போகும், முருங்கைக்காய் வரும்.

இப்போது கறி நின்றுவிட்டது. தன்னுடைய முறைநாளில், மிசின் பூட்ட முன்னமே தண்ணீர் இறங்கியிருப்பதை அக்கா கண்டார். கிணற்றுச் சுவரில் கரியால் கோடு கீறிவிட்டுப் போய், வந்து பார்த்தால் நாலு விரல் கீழே நிற்கிறது.

"கல்லு வந்து இறங்கியிட்டுது," என்றார். "திங்கக்கிழமை மேசன் வாறார். மதிலைக் கிணத்தின்ரை அடிவரைக்கும் இறக்கப்போறன். அவவின்ரை தண்ணி அவவுக்கு, என்ரை தண்ணி எனக்கு."

"கிணத்துக்கை மதில் இறக்கினால் ரெண்டு பேருக்கும் கிணறில்லை அக்கா. ரெண்டு பொந்துதான் மிஞ்சும்."

"பொந்தெண்டாலும் என்ரை பொந்து."

கள்ளரைப் பிடித்துத் தருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஒலியால் அளக்கிற ஒரு சின்னக் கருவி என்னிடம் மேலதிகமாகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அக்காவின் கப்பி மரத்தில் கட்டினேன். மதிலுக்கு அங்கால் மச்சாளின் தலை தெரிந்தது.

"என்ன தம்பி, கமராவோ பூட்டுறீர்? நான் குளிக்கிற இடம் இது!"

"கமரா இல்லை மச்சாள். தண்ணியை மட்டும்தான் பாக்கும்."

"தண்ணியைப் பாக்கிறதெண்டால் எட்டிப் பாத்தால் தெரியுந்தானே. உங்கடை ஆக்களுக்கு எல்லாம் சுத்தித்தான் செய்யவேணும்."

கொக்குவிலுக்குத் திரும்பி, கீரிமலைக் கடல் பக்கத்தின் வார்ப்பைப் பிரதி எடுத்தேன். பெயர் இருந்த இடத்தில் 'அக்காவின் கிணறு' என்று போட்டேன். ஓடவிட்டேன். பக்கம் பிறந்தது. கோடு ஒரு புள்ளியாகத் தொடங்கி, புழுப்போல நெளிந்து, நாளுக்கு நாள் நீண்டது. குறைந்தது சில நாளாவது ஓடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கையைக் கட்டி இருக்கவா வரும்? தேத்தண்ணி குடிப்பேன், பார்ப்பேன். ரயில் போகும், பார்ப்பேன்.

அதுவரை முகப்பில் கிணற்றின் சின்னக் கோட்டை மட்டும் பார்த்தவன், வெள்ளிக்கிழமை ஆற அமர முழு வரைபடத்தைத் திறந்தேன். ஒரு கோட்டை எதிர்பார்த்த இடத்தில் இரண்டு கோடுகள் ஓடின.

ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். வார்ப்பில் எங்கோ பிழை, ஒரே அளவை இரண்டு தரம் கீறிவிட்டது என்று நினைத்தேன். கறுப்பு ஏறுகிற இடத்தில் நீலமும் ஏறியது. இறங்குகிற இடத்தில் நீலமும் இறங்கியது. அலுத்துக்கொண்டு வார்ப்பைத் திறந்தால், நீலக் கோட்டின் வெற்றிடத்தை நான் மாற்றவேயில்லை. அதில் இன்னும் பழைய பெயரே இருந்தது, கீரிமலைக் கடல்.

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். திரும்ப உட்கார்ந்தேன். திரும்ப எழும்பினேன்.

கறுப்புக் கோடு கிணறு, நீலக் கோடு கடல். வார்ப்பு ஒவ்வொரு கோட்டையும் பெட்டிக்கு அளவாக இழுத்து விரிப்பதால், முழ அளவில் ஏறியிறங்குகிற கடலும் விரல் அளவில் ஏறியிறங்குகிற கிணறும் ஒரே உயரத்தில் நின்றன. உற்றுப் பார்த்தேன். நீலம் முன்னே போகிறது, கறுப்பு சற்றுப் பிந்தி வருகிறது, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை போல. கடல் பகலிலும் இரவிலும் ஒவ்வொரு தரம் இறங்குகிறது, கிணறும் அப்படியே. அந்த இறக்கம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்துகிறது. எந்தக் கள்ளர் தினமும் பிந்திப் பிந்தி வருவார்? சந்திரன் வருவான்! எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், வண்டு துளைத்த மரம் போல ஓட்டை ஓட்டையாக. அந்த ஓட்டைகளால் கடல் உள்ளே வந்து, நல்ல தண்ணீரைத் தோளில் தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி விளையாடுகிறது. கீரிமலைக் கேணியில் தண்ணீர் கடலோடு ஏறி இறங்குவது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதே கடல் எங்களுடைய வளவுக்குள்ளும் வந்து போகும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் குறைந்தால் பங்காளியைப் பார்ப்போம். கடலை எட்டிப் பார்க்கமாட்டோம்.

இன்னொன்றும் கண்டேன். மிசின் பூட்டிய நேரங்களில் கறுப்புக் கோடு கத்தியால் வெட்டினது போல நேரே கீழே விழுந்து, மெல்ல மெல்ல ஏறியது. அப்படியான வெட்டு ஒரு முறைநாளுக்கு ஒன்றுதான் இருந்தது, அதுவும் முறைக்காரர் மிசின் பூட்டிய நேரத்தில் மட்டும். மற்றதெல்லாம் மூச்சு.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்கா பக்கத்தைக் கைபேசியில் பார்த்தார். சீமெந்துக் கல் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போனிலை ரெண்டு பாம்பைக் கீறிக்கொண்டு வந்து, கடல் களவெடுக்குது எண்டுறியோ? உனக்கு எப்பவும் கவிதைதான்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை பாப்பம். மச்சாள் கோயிலாலை வரட்டும்." மச்சாள் வேதக்காரக் குடும்பத்தில் கலியாணம் முடித்துக் கிறிஸ்தவரானவர், ஞாயிறு ஆராதனை தவறமாட்டார். "ரெண்டு பேரும் கிணத்தடியிலை நில்லுங்கோ. ஒருத்தரும் வாளி விடக்கூடாது."

ஞாயிறு மத்தியானம். இந்தப் பக்கம் அக்கா கரித்துண்டோடு. அந்தப் பக்கம் மச்சாள், கோயிலுக்குக் கட்டின சேலையோடு. நடுவில் மதில். நான் அக்கா பக்கத்துக் கிணற்றுக் கட்டின்மேல் கைபேசியோடு.

"நான் இஞ்சை ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு நிக்கிறன்," என்றார் மச்சாள், அக்காவுக்குக் கேட்க. "ஆரும் பிறகு கதை சொல்லக்கூடாது."

"ஆரும் கதை சொல்லேல்லை. தண்ணி சொல்லட்டும்."

திரையில் நீலம் குனியத் தொடங்கியிருந்தது. கறுப்பு இன்னும் நிமிர்ந்தே நின்றது. குனியாவிட்டால்? நாளைக்கு மேசன். நான் சொன்ன ஒரு சொல்லுக்காகவே மச்சாள் வெயிலில் கை கட்டி நிற்கிறார். பார்த்தேன், பார்த்தேன். கறுப்பு மெல்ல, மெத்தப் பெரிய மனிதர் கதிரையில் உட்காருவது போலக் குனிந்தது.

"அக்கா, இப்ப பாருங்கோ!"

அக்கா எட்டிப் பார்த்தார். கரிக்கோட்டுக்குக் கீழே ஈரக் கல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. வாளி ஆடவில்லை, கப்பி கிறீச்சிடவில்லை, மிசின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கவே அது இரண்டு விரலானது. பிறகு மூன்று. மூடிக் கிடந்த ஒரு பெரிய உயிர் எங்கள் காலடியில் மூச்சை வெளியே விட்டது போல. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், காகங்கள் எழும்பின.

அக்கா கரித்துண்டைக் கட்டில் வைக்காமல் மண்ணில் போட்டார். மதிலுக்கு அங்கால் இருந்து மச்சாளின் குரல் வந்தது, அக்காவும் அவருக்கு மச்சாள்தான்.

"மச்சாள், கையை அவிழ்க்கலாமோ? உளையுது."

"அவிழுங்கோ," என்றார் அக்கா. சற்றுக் கழித்து, கிணற்றுக்குள்ளேயே பார்த்தபடி: "கணவாய்க் கறி இருக்கு. சாப்பிட்டிட்டியளோ?"

திங்கட்கிழமை மேசன் வந்தார். கிணற்றுக்குள் இறங்க வேண்டாம் என்று அக்கா சொல்ல, வந்த மனிதரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று மச்சாள் அவரைத் தன் பக்கம் கூப்பிட்டு, உடைந்து கிடந்த கிணற்றுக் கட்டைத் திருத்தச் சொன்னார். கல் அக்காவுடையது. "அதுக்கும் என்ரை கல்லோ!" என்று அக்கா கத்தியதை மேசனே எனக்குச் சொன்னார். கல்லை மதிலுக்கு மேலால் எடுத்துக் கொடுத்ததும் அக்காதான்.

மச்சாள் தனக்கும் ஒரு பக்கம் கேட்டார். வார்ப்பில் பெயரை மட்டும் மாற்றி ஓடவிட்டேன். 'மச்சாளின் கிணறு' கழன்று மிதந்தது, அதே கறுப்பு, அதே நீலம். இந்த முறை நீலத்தின் வெற்றிடத்தை வேண்டுமென்றே தொடவில்லை.

போன கிழமை அக்கா கூப்பிட்டார். "தம்பி, தண்ணி இறங்குது. கடலோ?"

பக்கத்தைத் திறந்தேன். நீலம் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பு கத்தியால் வெட்டினது போல நேரே கீழே.

"இல்லை அக்கா. இது மச்சாள்."

"ஓம், அவவின்ரை முறைதான். மிசின் சத்தம் இஞ்சை கேக்குது. நீ பாத்துக்கொண்டு இருக்கிறியோ எண்டு கேட்டனான்."