எனக்கெதிராக நான் எழுதிய மனு

எழுதத் தெரியாதவர்களுக்காகக் கெஞ்சுவது என் தொழிலாக இருந்தது. மலாக்கா கோர்ட்டுக்குப் பக்கத்தில், கடைகளின் முன்னால் நிழலாக ஓடும் அஞ்சடி நடைபாதையில், ஒரு மேசையும் டைப்ரைட்டரும் வைத்து உட்கார்ந்திருப்பேன். எதிரே வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. லைசென்ஸ் கிடைக்காதவர், பென்ஷன் வராதவர், அண்ணன் தம்பி சண்டையில் பாதி வீட்டை இழந்தவர் எல்லாரும் அதில் உட்கார்ந்து அழுவார்கள். அந்த அழுகையை நான் ஆங்கிலமாக்கிக் கொடுப்பேன். பெட்டிஷன் ரைட்டர் என்று பெயர். ஊரில் ரைட்டர் என்றே கூப்பிடுவார்கள். "தங்கள் மேலான பாதங்களில் விழுந்து மன்றாடும்" என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டுத் தொடங்கினால் எந்த அதிகாரியும் அடுத்த வரியையாவது படிப்பார். நாடு சுதந்திரம் வாங்கப் போகிறது என்று ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நான் மட்டும் பாதங்களை விடவில்லை. எனக்குச் சோறு போட்டது பாதங்கள்தான்.

வீடு ஊருக்குள் காஜா பெராங் என்ற பகுதியில். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் இன்னொருவர் வீடு, அதன் பின்னால் என் பலகை வீடு. முன்வீட்டை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு ஒரு மண்பாதை ரோடு வரை போகும். அதன் வழியாகத்தான் நாங்கள் வெளியே வர வேண்டும், ரோட்டோரப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்த மூன்றடியும் முன்வீட்டுக்காரருடைய நிலம். என் நிலத்துக்கான கிராண்டில், அதாவது பத்திரத்தில், வழி என்று ஒரு சொல் கிடையாது. ஊரில் யார் நிலம் வாங்கினாலும் "கிராண்டைக் கொண்டாங்க, வழி போட்டிருக்கா பாக்கணும்" என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறவன் நான். என் வீட்டை வாங்கும்போது கூரை ஒழுகுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

முன்வீட்டுக்காரர் மலாக்கா செட்டி. வட்டிக்கடைச் செட்டியார் என்று எண்ணிவிட வேண்டாம். எத்தனையோ தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே நிலைத்துவிட்ட இந்துக்கள் இவர்கள். கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கெபாயா என்ற மலாய்ச் சட்டை போடுவார்கள். அவர் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு ஓர் இளக்காரம் உண்டு. தமிழும் பேசத் தெரியாத இந்து என்றால் கேட்கவே வேண்டாம். நான்கு ஆண்டுகள் அவர் நிலத்தில் நடந்துகொண்டே அவரை இளக்காரமாகப் பார்த்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் இறந்துபோன முன்னோருக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். காலையிலிருந்து சமைத்து, போனவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் வாழையிலையில் பரிமாறி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டார் எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். அதுவரை யாரும் சத்தம் போடுவதில்லை. அந்த ஆண்டு அவர்கள் அப்படி நின்றுகொண்டிருந்த நேரத்தில் நான் டைப்ரைட்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பாதையை அடைத்துக்கொண்டு இருபது பேர் இருந்தார்கள். மணி அடித்தேன். ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் அடித்தேன். அதற்கு மேல் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லாரும் வெளிய நின்னா உள்ள யாரு சாப்பிடறது? பூனதான் சாப்பிடும்," என்று மலாயில் சொன்னேன், கடைசி ஆளுக்கும் கேட்கும்படியாக.

யாரும் சிரிக்கவில்லை. மெதுவாக விலகி வழி விட்டார்கள். அவருடைய தாயார் இறந்த ஆண்டு அது. அந்த அம்மாவுக்கு வைத்த முதல் படையல். எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. சவ ஊர்வலத்தில் ரோட்டு முனை வரைக்கும் நானும் நடந்திருக்கிறேன்.

மறுநாள் காலை என் மனைவி தண்ணீருக்குப் போனவள் வெறும் தகரங்களோடு திரும்பி வந்தாள். பாதையின் வாயில் நான்கு பலகைகள் குறுக்கே அடித்திருந்தன.

"வழிய அடச்சிட்டாங்க," என்றாள். "நேத்து நீங்க பேசினது அடுப்படில இருந்த எனக்கே கேட்டுச்சு. போயி மன்னிச்சிக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. முடிஞ்சிச்சு."

"மன்னிப்பா? இது சட்டம். வழி உரிமைன்னு ஒன்னு இருக்கு. உனக்குத் தெரியாது."

"எனக்குத் தண்ணி வேணும்லா," என்றாள்.

தண்ணீருக்கு இன்னொரு வழி இருந்தது. வீட்டின் பின்னால் பெரிய வாய்க்கால். அதன் மேல் யாரோ போட்ட தென்னை மரத்துண்டு. அதைத் தாண்டி, ஒரு சீனருடைய கீரைப் பாத்திகளின் ஓரமாக நடந்து, சுற்றி வந்தால் அதே குழாய். தோளில் கழி, கழியின் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீர். எட்டு மாதக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அது விழிப்பதற்குள் அவள் போய்வர வேண்டும். நான் சுமந்திருக்கலாம். ரைட்டர் தண்ணீர் சுமந்தால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். ஊருக்கு வேறு வேலை இருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது.

நான் செய்தது என்னவென்றால், மனு எழுதினேன். ஐந்து பக்கம். நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இப்பாதையை நாங்கள் அனுபவித்து வருவதாக எழுதினேன். நினைவுக்கெட்டாத காலம் என்பது நான்கு ஆண்டு. நெடுநாள் குடியிருப்போர் பட்டியலில் எட்டு மாதக் குழந்தையையும் சேர்த்தேன். அண்டை வீட்டாரின் கொடுமை, ஆணவம், அடக்குமுறை என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த கெட்ட குணம் அத்தனையும் அதில் இருந்தது. பூனை மட்டும் இல்லை. நில அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் தலை நிமிர்ந்து பார்த்தால், எதிரே பெஞ்சில் முன்வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கையில் நில அலுவலகத்தின் கடிதம். என் புகாருக்கு அவர் எழுத்தில் பதில் தர வேண்டுமாம்.

அஞ்சடியில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்பக் கூடாது. திருடனாயிருந்தாலும், நேற்று நம்மைத் திட்டியவனாயிருந்தாலும், உட்கார்ந்துவிட்டால் எழுதியாக வேண்டும். ஒருவன் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் மற்ற ரைட்டர்கள் அவனோடு தேநீர் குடிக்கமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை ஒரு காலத்தில் கூட்டம் போட்டுக் கொண்டுவந்தவனும் நான்தான்.

"ரெண்டு மேச தள்ளி இன்னொருத்தர் இருக்காரே," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் பேசியது மலாய். தமிழில் தருகிறேன்.

"அவரு எழுதினா திரும்பி வந்துடுதாம். நீங்க எழுதினா வர்றதில்லன்னு ஊரே சொல்லுது," என்றார். "நான் ஜெயிக்கணும், ரைட்டர்."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் செய்யத் தெரிந்த மனிதரே இல்லை அவர். சுற்றி இருந்த ரைட்டர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டச்சை நிறுத்தியிருந்தார்கள். காகிதத்தைச் செருகினேன். எல்லாரிடமும் கேட்கும் முதல் கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

"மொதல்ல என்னா நடந்துச்சு?"

அவர் சொன்னார். தாயாரைப் பற்றித் தொடங்கினார். அந்த அம்மாவுக்கு மீன் குழம்பு பிடிக்கும், கடைசி மாதங்களில் டாக்டர் சாப்பிட விடவில்லை. அதனால் அன்று அதைத்தான் முதலில் இலையில் வைத்தார்களாம். வெளியே நின்று, இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி அடித்ததாம்.

"அந்தப் பூன வார்த்த. அதையும் போடுங்க," என்றார்.

போட்டேன். என் சொல்லை நானே ஆங்கிலமாக்கி என் கையாலேயே தட்டினேன். மலாயில் சொல்லும்போது வேடிக்கையாகத் தோன்றியது, அந்த வெள்ளைத் தாளில் பார்க்கச் சகிக்கவில்லை. காது இரண்டும் சுட்டன. நடுவில் ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. ஒரு தேதியைத் தப்பாகப் போட்டால் போதும், மனு திரும்பி வந்துவிடும். அப்படியே ஒரு வரி தட்டியும் விட்டேன். பிறகு அதைப் பார்த்தேன். என் மேசையிலிருந்து அப்படி ஒரு அலங்கோலம் போனதில்லை. தாளை உருவிக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். யோக்கியத்தனம் என்று நினைக்க வேண்டாம், தொழில் கர்வம். ஒரே பக்கம்தான் வந்தது. அதில் யாருடைய பாதத்திலும் யாரும் விழவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச் சிறந்த மனு அது.

விசாரணைக்கு இரண்டு பேரும் போனோம். வெள்ளைக்காரர் எழுந்துபோன நாற்காலியில் புதிதாக ஒரு மலாய் இளைஞர் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் டைப்ரைட்டரில் ஒரு எழுத்து எப்போதும் வரிசையை விட்டு மேலே ஏறிக் குந்தும். இரண்டிலும் குந்தியிருந்தது.

"ரெண்டும் ஒரே மெஷின்லயா அடிச்சது?" என்றார்.

"ஆமாம் துவான்," என்று நான் மரியாதையோடு ஒப்புக்கொண்டேன்.

அவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வந்ததும் என் ஐந்து பக்கத்தை ஒரு விரலால் தள்ளினார். "இதுல எல்லாம் இருக்கு, அன்னைக்கு என்னா நடந்துச்சுங்கறது மட்டும் இல்ல. அந்த ஒரு பக்கத்துல அது இருக்கு. அத எழுதினவரு உண்மைய எழுதியிருக்காரு." பிறகு தீர்ப்பைச் சொன்னார். எனக்கு வழி உரிமை என்று ஒன்றும் கிடையாது. இதுவரை நடந்தது முன்வீட்டாரின் தயவில். இனிமேலும் வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் பாராட்டும் தோல்வியும் வாங்கிக்கொண்டு படியிறங்கிய ரைட்டர் மலாக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதும் கேட்கவில்லை. மேல்முறையீடு செய்வேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி கழியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்த நாள் மழை பெய்து தென்னை மரத்துண்டு வழுக்கியது. தகரங்களோடு அவள் வாய்க்காலில் விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, ஒரு தகரம் மிதந்து போய்விட்டது. எழுந்தவள் வீட்டுக்கு வரவில்லை. நனைந்த சேலையோடு, ரத்தம் வழிய, சுற்றிப் போய் முன்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே என்ன சொன்னாள் என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. அந்த வீட்டு அம்மாள் உடனே பலகை வழியாக ஏறி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார் என்று மட்டும் பிறகு தெரிந்தது.

சாயங்காலம் நான் வந்தபோது பலகைகளைக் காணோம். என் வீட்டு முன்னால் முன்வீட்டுக்காரரும் அவர் மனைவியும், முழங்காலில் துணி சுற்றிய என் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்காகக் காத்திருந்தார்களாம்.

"ஆபீசு வரைக்கும் போன விஷயம். வாய்ப்பேச்சா விட வேணாம்," என்றார் அவர். "எழுதிக் குடுங்க, ரைட்டர்."

ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் டைப்ரைட்டரை வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பின்வீட்டு அம்மாவும் குழந்தையும் எந்நேரமும் இவ்வழியே போய் வரலாம். அவர்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி, மருத்துவச்சி, மீன்காரர், யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த அம்மாவின் கணவர் மட்டும் கூடாது.

என் விரல் நின்றது. பிறகு அடித்தேன்.

அவருக்கே மனம் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். "ஒரு வருஷத்துக்குன்னு போடுங்க," என்றார்.

"வேணாம்," என்றாள் என் மனைவி, அவருக்கும் புரிய வேண்டும் என்று மலாயிலேயே. "ஒரு வருஷம்னா இவரு காலண்டர்ல நாள எண்ணிக்கிட்டு ஒக்காந்துடுவாரு. இவரா வந்து, பேப்பர் இல்லாம, வாயால மன்னிப்பு கேக்கற வரைக்கும்னு போடுங்க."

போட்டேன். ஒரு பிழையும் இல்லாமல் போட்டேன். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகள் நான் வாய்க்கால் வழியாகப் போய் வந்தேன். சைக்கிளை ஒரு தோளில் தூக்கிக்கொண்டு, டைப்ரைட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த மரத்துண்டில் பக்கவாட்டில் நடப்பேன். கீரை பறிக்கும் சீனர் தினமும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அதே நேரத்தில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முன்வழியாக வந்து சேர்ந்திருப்பார்கள். என் வீட்டுக் கதவிலிருந்து அவர் வீட்டுக் கதவுக்கு இருபது அடி தூரம் இருந்தால் அதிகம்.

ஒரு நாள் போய்க் கேட்டேன். எது என்னை அன்று போக வைத்தது என்று தெரியவில்லை, ஒருவேளை சோர்வாக இருக்கலாம். வாசலில் நின்று, அன்று நான் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியத்தை நான் அதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

"சரி," என்றார் அவர். "எங்கிட்ட கேட்டாச்சு. ஆனா தண்ணி சொமந்தது நான் இல்ல, ரைட்டர்."

அந்த மூன்றடிப் பாதையில் நடந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் எந்தப் பக்கமாக வந்தேன் என்பதைக் கவனித்துவிட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவள் தண்ணீரை வடித்துவிட்டு, பானையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்கும் தொண்டை வரை வந்தது. டைப்ரைட்டரை மேசை மேல் வைத்தேன், மூடியைப் போட்டேன், சோறு எப்போது ஆகும் என்று கேட்டேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.