நேப்பிள்ஸில் தங்குவதா, வேண்டாமா?

இன்று மதுரைக் கடைத்தெருவில் பயணத்துக்குத் தகரப் பெட்டி வாங்கினேன். எந்த ஊருக்கு என்று கேட்டார் கடைக்கார பாய்.

"இத்தாலிக்கு. கப்பல் நேப்பிள்ஸ்ல இறக்கிவிடும். அழுக்கு ஊராம், திருட்டும் அதிகமாம். தங்காம ரோமுக்குப் போயிரலாமான்னு யோசிக்கிறேன்."

"மதுரையில இருந்துக்கிட்டு அழுக்குக்கு அம்புட்டுப் பயமா, டீச்சரம்மா?" என்று சிரித்தார்.

பிறகு பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளைக்காரன் பட்டாளத்துல யுத்தத்துக்குப் போன என் மகனை அந்த ஊர்லதான் அடக்கியிருக்கு. அடக்கும்போது நாங்க ஆளுக்கு மூணு பிடி மண்ணு போடுவோம். என் பங்கை நான் இன்னும் போடல."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

"நான் போடலாமா, பாய்?"

துடைத்த பெட்டியையே மறுபடியும் துடைத்தார். "போடுங்கம்மா. பேரு காதர்."

நேப்பிள்ஸில் மூட்டைப்பூச்சி இல்லாத விடுதி தெரிந்தவர்கள் எழுதுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் தங்கத்தான் போகிறேன்.