மழைக்கு முன் ஒரு மிதவை

திருத்தணி நெரிசலுக்குப் பயந்து கே.ஜி.கண்டிகைப் பக்கம் திரும்பிய எங்கள் லாரி, சாலை முழுக்கக் காயும் நெல்லுக்கு முன்னால் நிற்கிறது. கடல் அலையில் மின்சாரம் எடுக்கப்போகும் இடத்தில், புயல் வருவதற்குள் லாரியில் இருக்கும் இந்த மிதவையை இறக்கியாக வேண்டும். துறைமுகத்தில் படகு காத்திருக்கிறது. நெல்லை வாரிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கிறார்.

“இன்னா நைனா அது, மஞ்ச கலர்ல?”

“கடல் மிதவைம்மா. அலை, காத்து எல்லாம் அளக்கும்.”

“மழ வருமான்னு அத்தக் கேளேன்.”

“கடல்ல போட்டாத்தான் அது சொல்லும். ஆனா புயல் வருதும்மா, நெல்ல சீக்கிரம் வாருங்க.”

“ஒண்டியா வாரிகினு கீறேன். இன்னும் எவ்ளோ சீக்கிரம்?”

டிரைவர் இறங்கிப் போய்ச் சாக்கைப் பிடிக்கிறார். வானம் கறுக்கிறது. நானும் இறங்குகிறேன். சட்டைப்பையில் படகுக்காரரின் அழைப்பு அதிர்ந்துகொண்டே இருக்கிறது. என் இரண்டு கையிலும் நெல்.